கரையாத மூன்று படிகள்

"உனக்கு இன்னும் கரையலியாட்டி?" என்று தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்த ஒருத்தி கேட்டாள். "எங்க கரைய? நாலு வருசமாக் கெடக்கு, கெடந்துட்டுப் போவுது" என்று சொல்லிவிட்டு இன்னொருத்தி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். சிப்பித்துறை ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள் காலையில் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான். சிறுநீரகக் கல்லைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டு யாரிடமும் கேட்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகையில் முழு வயிறு, சிறுநீரகம், கர்ப்பம், தைராய்டு என்று வரிசையாக எழுதி, கடைசியில் அதே பெயிண்டில் அதே கையெழுத்தில் 'மிட்டாய்' என்றும் எழுதியிருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

சிப்பித்துறை கப்பலுக்குப் போகிறவர்களின் ஊர். அங்கே ஆண்பிள்ளைகள் மீசை முளைத்ததும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பார்கள், பாஸ்போர்ட் வந்ததும் கல்யாணம் கட்டுவார்கள், கல்யாணம் கட்டியதும் சரக்குக் கப்பலில் ஏறி ஒன்பது மாதத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ போய்விடுவார்கள், திரும்பி வரும்போது பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கும் அல்லது தகப்பனுக்குப் பல் விழுந்திருக்கும். போகிற அன்று ஒரு வழக்கம் உண்டு. பஸ் வந்து நின்று, பெட்டி மேலே ஏறிய பிறகு, போகிறவன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏணி மிட்டாயை எடுப்பான். இதற்கென்றே காசிலிங்கம் கடையில் சுண்டுவிரல் நீளத்தில் ஆறு படி வைத்துப் பிழிந்து, சீனிப்பாகில் முக்கி வைத்திருப்பார்கள். அதைக் கையால் ஒடிக்கக் கூடாது. பல்லால் கடித்து இரண்டாக்க வேண்டும். மூன்று படி அவன் வாயோடு போகும். மிச்ச மூன்று படியை, இருக்கப்போகிறவர்களில் ஒரே ஒருத்தர் வாயில் அவன் கையாலேயே வைக்க வேண்டும். வாங்கிக்கொண்டவள் அதை மெல்லாமல், தண்ணீர் குடிக்காமல், அப்படியே விழுங்க வேண்டும். அம்மாவுக்கா, பெண்டாட்டிக்கா என்பதை அவன் அந்த இடத்தில்தான் காட்டுவான். அந்த ஒரு நிமிடத்தில் சில வீடுகளில் பேச்சுவார்த்தை நின்று, பத்து வருடம் கழித்துச் சாவு வீட்டில்தான் திரும்பத் தொடங்கியிருக்கிறது.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் டாக்டர் ஆவுடையப்பன் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இந்த ஊரில் முதல் ஸ்கேன் மெஷினை வைத்தபோது, முதல் வாரத்திலேயே வயிற்று வலி என்று வந்த ஒரு பெண்ணின் சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஏணியைப் பார்த்தார். பாதி ஏணி. மூன்று படி. அவள் புருஷன் கப்பலுக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. மெஷினில் கோளாறு என்று அவர் கம்பெனிக்குப் போன் செய்தார். கம்பெனி ஆள் வந்து, தன் வயிற்றிலேயே வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, மெஷின் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்து வந்தவளுக்கும் மூன்று படி இருந்தது. அதற்கடுத்து வந்தவளுக்கும் இருந்தது. ஒன்பதாவது பெண்ணோடு டாக்டர் ஆச்சரியப்படுவதை நிறுத்திவிட்டு, வராந்தாவில் பெஞ்சு போடச் சொல்லி, எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். அந்த விளக்கத்தை அவர் இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவையாவது, அதே சொற்களில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

"சீனிங்கிறது ஒரு ஆளு இல்லம்மா, ரெண்டு ஆளு. ஒருத்தன் குளுக்கோஸ், இன்னொருத்தன் ஃப்ரக்டோஸ். ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு நிப்பாங்க. கை கோத்தபடி குடல் சுவரத் தாண்டி ரத்தத்துக்குள்ள போக முடியாது. அந்தக் கையப் பிரிச்சு விடுறதுக்குன்னே சிறுகுடல்ல ஒரு நொதி இருக்கு. ஒரு கத்தரின்னு வச்சுக்கங்களேன்."

"எங்களுக்கு அந்தக் கத்தரி இல்லியா டாக்டரய்யா?"

"இருக்கு. டீல போடுற சீனி, பாயாசம், கிறிஸ்மஸ் கேக்கு, எல்லாத்தையும் கத்தரிக்கத்தான் செய்யுது. இந்த மூணு படியை மட்டும் தொட மாட்டேங்குது."

"பிரிக்க மனசு வரல போல" என்று அன்றைக்கு ஒரு பெண் சொன்னாளாம். சொல்லிவிட்டு, உலை வைக்க நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டாளாம்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவள். அந்த நொதியின் பெயர் சுக்ரேஸ் என்றும், அதற்கு மனசு கிடையாது என்றும், எவ்வளவு சூட்டில் எவ்வளவு புளிப்பில் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று ஒரு வளைகோடு மட்டும்தான் உண்டு என்றும் தேர்வில் படத்தோடு எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியவள். அந்த வளைகோட்டில் சிப்பித்துறைக்கு இடமில்லை. ஆனால் தினமும் நான்கைந்து ரிப்போர்ட்டில் 'ஏணி, மூன்று படி, முழுமையாக உள்ளது' என்று தட்டச்சு செய்யச் செய்ய விரல்கள் பழகிவிட்டன.

ஊரும் அப்படித்தான் பழகியிருந்தது. கப்பலில் போனவன் திரும்பி வருவதற்கு இரண்டு நாள் முன்னால், அவன் உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் சரி, வீட்டிலிருப்பவளின் வயிற்றுக்குள் கத்தரி வேலையைத் தொடங்கிவிடும். மூன்று படியும் கரையும். அவள் வேர்வை இனிக்கும், கண்ணில் வருகிற நீர் இனிக்கும், அவள் உட்கார்ந்து எழுந்த பாயில் எறும்பு வரிசை கட்டும். "சந்தியாகு வீட்ல எறும்பு ஏறிருச்சாம்" என்று தெருவில் செய்தி போனால், சந்தியாகு பம்பாயில் இறங்கிப் போன் செய்வதற்கு முன்பே அவன் வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பார்கள். போனை நம்பாதவர்கள்கூட எறும்பை நம்பினார்கள். சுகர் இருக்கிற பெண்கள் பயப்படவில்லை. கரையாத சீனி ரத்தத்தில் ஏறாது, கரைகிற அன்று மட்டும் மாத்திரையைக் கவனமாகப் போட்டால் போதும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பங்குச்சாமியார் முதலில் இதைப் பிரசங்கத்தில் அற்புதம் என்றார், ஆயர் இல்லத்திலிருந்து யாரோ விசாரித்த பிறகு தான் அப்படிச் சொல்லவில்லை என்றார், பிறகு அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் பெண்கள் வெறும் வயிற்றில் ஸ்கேனுக்கு வரிசையாக வருகிற நாட்களில் மட்டும் காலைப் பூசையை அரை மணி நேரம் முன்னால் வைத்தார்.

ஆண்களை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கும் டெல்பினா ஒரு தடவை, "அவுக வயித்துல கெடக்குற பாதியவும் ஒரு நாளைக்குப் படம் பிடிச்சிப் பாப்பமே" என்று சொல்லிப் பார்த்தாள். கப்பல் எஞ்சின் சூட்டில் எல்லாம் கரைந்துவிடும் என்று ஆண்கள் சொன்னார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் வரவேண்டியவன் வராமலே கரைந்தால்? அதற்கும் ஊர் ஒரு பதில் வைத்திருந்தது. ஒரு கப்பல் புயலில் மூழ்கி, அதில் போன மரியந்தோணி செத்துப்போய், பெட்டி இல்லாமலே அடக்கப் பூசை வைத்து ஒன்பது வருடம் ஆன பிறகும், அவன் பெண்டாட்டி வயிற்றில் மூன்று படியும் முனை மழுங்காமல் இருந்தது. ஆகவே சாவு அதைக் கரைக்காது என்று ஊருக்குத் தெரிந்தது. சாவு கரைக்காது என்றால், ஆள் வராமல் கரைகிறது என்றால், மிஞ்சுகிற காரணம் ஒன்றுதான் என்று முடிவு கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மாமியார்கள் மருமகள்களை வருடத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்குக் கூட்டி வரத் தொடங்கினார்கள். பாதியை வைத்திருப்பவள் ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது என்பதும் அதற்குப் பிறகு வந்ததுதான். அந்தப் பாதி இந்தப் பாதியைத் தேடி வரும்போது இடம் மாறிக் கிடந்தால் எப்படிக் கண்டுபிடிக்கும் என்றார்கள்.

அப்படி வருடா வருடம் வந்தவர்களில் சலேத்தம்மாளும் அவள் மருமகள் ஜெனோவாவும் உண்டு. மாமியாரும் மருமகளுமாக இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு. சலேத்தம்மாளின் மகன் இன்னாசி ஏழு வருடத்துக்கு முன்னால் கப்பலுக்குப் போனான். ஒரு வருடம் போன் வந்தது. பிறகு ஒரு நாள், தென்னமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் சிம் கார்டு வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனவன் கப்பலுக்குத் திரும்பவில்லை என்று தகவல் வந்தது. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை.

மற்ற மாமியார்கள் வராந்தாவில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். சலேத்தம்மாள் அப்படியில்லை. வாட்டசாட்டமான உடம்பு, குரல் அதைவிடப் பெரிது. ஸ்கேன் அறைக்குள் வந்து திரைக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

"நல்லாப் பாருங்க டாக்டரய்யா. இவ பொல்லாதவ. உள்ள வச்சே மென்னு முழுங்கிருப்பா."

"கொடலுக்குள்ள பல்லா வச்சிருக்கேன் மாமி?" என்பாள் ஜெனோவா, வயிற்றில் ஸ்கேன் பசையோடு படுத்துக்கொண்டே.

"வாய்க்குள்ள இருக்கிறது பத்தாதாக்கும், கொடல்லயும் வேணுமாக்கும்."

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கணினி முன்னால் உட்கார்ந்து நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். டாக்டர் கருவியை நகர்த்துவார். சாம்பல் நிறத்தில் புகை புகையாக ஏதேதோ நகர்ந்து, கடைசியில் ஏணி தெரியும். அந்த இடத்தில் சலேத்தம்மாளின் சத்தம் நின்றுவிடும். அவள் ஸ்டூலைவிட்டு எழுந்து, திரைக்குக் கிட்டே போய், மூன்றாவது படிக்குக் கீழே கடிபட்ட விளிம்பில் விரலை வைப்பாள். வெட்டு நேராக இருக்காது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கடிபடாமல், ஒரு அரிசி அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும்.

"அந்தா, ஓட்டப்பல்லு" என்பாள்.

இன்னாசி ஆறாம் வகுப்பில் இருந்தபோது கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்திலிருந்து குதித்து முன்பல்லில் ஒன்றைப் போக்கிக்கொண்டவன். மிட்டாயைக் கடித்தபோது அந்த இடைவெளி மட்டும் கடிக்காமல் விட்ட துண்டு அது. ஊரெல்லாம் சலேத்தம்மாள் மருமகளை உளவு பார்க்க வருகிறாள் என்று நினைத்திருந்தது. ஜெனோவாவுக்கும் எனக்கும் டாக்டருக்கும் தெரியும், அவள் எதைப் பார்க்க வருகிறாள் என்று. கிளம்பும்போது திரையில் தெரிந்ததைப் படமாக எடுத்துத் தரச் சொல்லி, வழவழப்பான அந்தத் தாளை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வாள். அந்தத் தாளில் படம் நிற்காது. இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துப்போகும். அவளிடம் ஆறு தாள் இருந்தது. முதல் மூன்றும் வெறும் வெள்ளை. அவற்றையும் அவள் எறியவில்லை.

சலேத்தம்மாளுக்கு யாரும் பாதி கொடுத்ததில்லை. அவள் புருஷன் கப்பலுக்குப் போன ஒவ்வொரு தடவையும் தன் அம்மா வாயில்தான் வைத்தார். அவர் கடலோடு போகாமல், ஊரில் வந்து மஞ்சள் காமாலையில் செத்தார். மகன் போன அன்று சலேத்தம்மாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாள் என்று டெல்பினா சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் இன்னாசி மிட்டாயைக் கடித்தபோது முதலில் அம்மா பக்கம்தான் திரும்பினானாம். பிறகு பின்னால் நின்ற ஜெனோவாவின் வாயில் வைத்தானாம். "எனக்குத்தான் சுகர் இருக்கே, அவன் என்ன செய்வான்" என்று சலேத்தம்மாள் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாளாம். அப்போது அவளுக்குச் சுகர் இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

ஜெனோவா இறால் கொட்டகையில் வேலை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாலே கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று சொல்லிவிடுவாள். குஜராத்தில் வேராவல் என்ற ஊரில் ஒரு பெரிய இறால் கம்பெனி இருக்கிறது. நம் பக்கத்துப் பெண்கள் நூறு பேர் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மேலாளாக வந்துவிடு என்று கம்பெனிக்காரர் மூன்று வருடமாக அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் போக ஆசை. எவ்வளவு ஆசை என்றால், ரயில் எந்தெந்த ஊரில் நிற்கும் என்பதை ஜெபமாலை சொல்வது மாதிரி வரிசையாகச் சொல்வாள். ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது என்னிடமும் ஒரு தடவை சொன்னாள். மடகான், ரத்னகிரி, பன்வேல், வசாய், சூரத். "சூரத்துக்கு அப்புறம் ஒரு பெரிய ஆறு வருமாம். பாலத்துல ரயிலு போயிக்கிட்டே இருக்குமாம்" என்றாள். ஆனால் வருடா வருடம் படத்தில் மூன்று படியும் அப்படியே இருந்தது. பாதியை வைத்திருப்பவள் எப்படிப் போவாள்? கம்பெனிக்காரருக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஐஸும் குளோரின் தண்ணீருமாக எறும்பே நுழையாத அந்தக் கொட்டகையில், கை கழுவிக்கொண்டிருந்த ஜெனோவாவின் கணுக்காலில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்ததை டெல்பினா பார்த்தாள்.

"ஏட்டி ஜெனோவா! எறும்பு ஏறிருச்சுட்டி!"

கொட்டகையில் இருந்த நாற்பது பெண்களும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஏழு வருடம் கழித்து இன்னாசி வருகிறான். சலேத்தம்மாள் அன்றைக்கே சுண்ணாம்பு வாங்கி, ஆளைக் கூப்பிடாமல் தானே அடித்தாள். மறுநாள் நெய்மீன் வாங்கி வைத்தாள். மூன்றாம் நாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். நான் வேலை முடிந்து என் ஊருக்குப் போகிற பஸ்ஸும் அங்கேதான் வரும் என்பதால் தினமும் அவளைப் பார்த்தேன். ஐந்து மணி பஸ் வந்து நிற்கும். சலேத்தம்மாள் சிமெண்ட் பெஞ்சிலிருந்து எழுந்து, முன்வாசலில் ஒரு கண்ணும் பின்வாசலில் ஒரு கண்ணுமாக நிற்பாள். கடைசி ஆள் இறங்கி, கண்டக்டர் இறங்கி டீக்கடைக்குப் போன பிறகும், யாராவது உள்ளே தூங்கிவிட்டார்களா என்று படியில் ஏறிப் பார்ப்பாள். நான்காம் நாளும் பார்த்தாள். ஐந்தாம் நாளும் பார்த்தாள். நெய்மீனைக் கருவாடாகப் போட்டதாக டெல்பினா சொன்னாள்.

ஆறாம் நாள் காலையில் மருமகளைக் கையைப் பிடித்து ஸ்கேன் சென்டருக்கு இழுத்து வந்தாள். டாக்டர் நெடுநேரம் கருவியை நகர்த்திக்கொண்டிருந்தார். சாம்பல் புகையைத் தவிரத் திரையில் ஒன்றும் இல்லை.

"சுத்தமாயிருக்கும்மா. கரைஞ்சுருச்சு."

"அது தெரியும். எறும்பப் பாத்தனே. அவன ஏன் காணல?"

ஜெனோவா எழுந்து உட்கார்ந்து, வயிற்றிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவுக வரல மாமி. நான்தான்."

"நீதான்னா? செவ்வாக்கெழம என்ன செஞ்ச?"

"எறால் உரிச்சேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. புதுசா ஒரு லோடு வந்துச்சு. நல்ல பெரிய எறால். வேகம் வேகமா உரிச்சிட்டிருந்தோம். டெல்பினா ஏதோ சொன்னா, சிரிச்சேன். மத்தியானம் சோறு தின்னேன். சாயங்காலம் கை கழுவும்போதுதான் நெனப்பு வந்துச்சு, காலையிலேருந்து அவுகள ஒரு தடவகூட நெனைக்கலன்னு. ஏழு வருசத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் மாமி. குனிஞ்சு பாத்தா எறும்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அத ஏட்டி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க சுண்ணாம்பு கலக்கிட்டிருந்தீங்க."

சலேத்தம்மாள் கையை ஓங்குவாள் என்று நான் பயந்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் பல்லு?" என்றாள்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, ஜெனோவாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"எனக்கும் பாருங்க."

"உங்களுக்கு யாரும்மா குடுத்தா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"யாரும் குடுக்கல. எதுக்கும் பாருங்க."

டாக்டர் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டு, இடது பக்கம், வலது பக்கம், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லி, பார்த்தார். சலேத்தம்மாள் தலையைத் திருப்பித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கருவியைத் துடைத்து வைத்தார். நான் ரிப்போர்ட் அடித்தேன். பொடி எழுத்து அவள் கண்ணுக்குப் பிடிபடாததால் என்னை வாசிக்கச் சொன்னாள்.

"கல்லீரல் இயல்பு. பித்தப்பை இயல்பு. சிறுகுடல் இயல்பு. வேறெதுவும் காணப்படவில்லை" என்று வாசித்தேன்.

"போதும். ஊருக்கே கேக்குற மாதிரி வாசிக்காத புள்ள" என்றாள். நான் முணுமுணுப்பாகத்தான் வாசித்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஜெனோவாவுக்கு ஊர் 'கரைச்சவ' என்று பெயர் வைத்தது. கொட்டகையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கோயிலில் அவளுக்கு முன்வரிசையில் நின்ற பெண்கள், வயிற்றுக்குள் ஏதோ தொற்றிவிடும் என்பது போல, பிள்ளைகளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். சில பெண்கள் மட்டும் யாரும் பார்க்காதபோது அவள் பக்கத்தில் வந்து, ஒரு நாள் முழுக்க நினைக்காமல் இருந்தது எப்படி இருந்தது என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசக்கூடிய சலேத்தம்மாள் மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊரிடமும் பேசவில்லை, மருமகளிடமும் பேசவில்லை. சோற்றை வைத்தால் தின்றாள். சாயங்காலமானால் பெஞ்சுக்கு வந்தாள். ஐந்து மணி பஸ்ஸில் கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனாள். எறும்பு பொய் சொன்ன பிறகு எதை நம்பி வருகிறாள் என்று யாராலும் அவளைக் கேட்க முடியவில்லை.

ஜெனோவா வேராவலுக்கு வருகிறேன் என்று கம்பெனிக்காரருக்குச் சொன்னாள். அதை மாமியாரிடம், அடுப்பைப் பார்த்துக்கொண்டு மூன்று தடவை சொன்னாளாம். மூன்று தடவையும் பதில் இல்லையாம். கிளம்புகிற அன்று காலையில் அவள் காசிலிங்கம் கடைக்குப் போய் ஒரு ஏணி மிட்டாய் கேட்டாள்.

"யாரு போறா?" என்றார் காசிலிங்கம்.

"நான்தான்."

"பொம்பளைக்கு இதக் குடுக்கிற வழக்கம் இல்லியே தாயி."

"பொம்பள போற வழக்கமும்தான் இல்ல. குடுங்க."

அவர் தாடையைச் சொறிந்துவிட்டு, புதிதாகப் பாகில் முக்கியதாகப் பார்த்து, செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்தார். பிறகு, மதியத்துக்குள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

ரயிலுக்குப் போகிற பஸ்ஸும் அந்த ஐந்து மணி பஸ்தான்; சிப்பித்துறைக்கு வந்து, கால் மணி நேரம் நின்று, அப்படியே திரும்பும். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் இருபது முப்பது பேர் நின்றார்கள். வழியனுப்ப வந்தவள் டெல்பினா மட்டும்தான். மற்றவர்கள் பார்க்க வந்தவர்கள். சலேத்தம்மாள் எப்போதும் போலப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு. ஜெனோவா வீட்டைப் பூட்டிக் கொண்டுவந்த சாவியை அவள் பக்கத்தில் பெஞ்சில் வைத்தபோதும் திரும்பவில்லை.

பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். சலேத்தம்மாள் எழுந்து நின்று முன்வாசலையும் பின்வாசலையும் பார்த்தாள். எல்லோரும் இறங்கி முடிந்ததும் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஜெனோவாவின் பெட்டி மேலே ஏறியது. அவள் செய்தித்தாளைப் பிரித்து மிட்டாயை எடுத்தாள். யாருக்குக் கொடுப்பாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. டெல்பினா முன்னாலேயே வந்து, முந்தானையால் வாயைத் துடைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு தயாராக நின்றாள்.

ஜெனோவா மிட்டாயைப் பல்லில் வைத்து ஒரே கடியாகக் கடித்தாள். மூன்று படி வாய்க்குள் போனது. மிச்ச மூன்று படியை விரலில் பிடித்துக்கொண்டு, டெல்பினாவின் தோளைத் தொட்டுவிட்டு, அவளைத் தாண்டிப் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமி."

"மறைக்காத. ரோட்டப் பாத்துட்டிருக்கேன்."

ஏழு வருடத்தில் இல்லாத மாதிரி அந்தக் குரல் சின்னதாக இருந்தது. ஜெனோவா நகரவில்லை. குனிந்து, அந்தப் பாதியை மாமியாரின் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஜெனோவாவுக்குப் பல்வரிசை நல்ல வரிசை. கடித்த விளிம்பு அளவுகோல் வைத்து வெட்டியது போல நேராக இருந்தது. சலேத்தம்மாள் அந்த விளிம்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண்டக்டர் டீக்கடையிலிருந்து வந்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல் நின்றான்.

"எனக்குச் சுகர் இருக்குல்லா" என்றாள் சலேத்தம்மாள்.

"கரைஞ்சாத்தான மாமி ஏறும்" என்றாள் ஜெனோவா.

கூட்டத்தில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். டிரைவர் எஞ்சினை அணைத்தார். சலேத்தம்மாள் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, பெஞ்சுக்கு அடியில் எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள். பிறகு கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மருமகளைப் பார்த்து வாயைத் திறந்தாள்.